அமைச்சர் சொன்ன பதிலைத் தேடிப் படியுங்கள்

நேயர்களே, வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் என்றாலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கூச்சல்தான். ஒருவர் எழுந்து கத்துகிறார், சபாநாயகர் உட்காரச் சொல்கிறார், கடைசியில் காவலர்கள் உள்ளே வருகிறார்கள். இரவுச் செய்தியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு நடுவில் ஓர் அமைச்சர் பதில் சொல்லி முடித்து உட்கார்ந்திருப்பார். அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் நம்மவர்கள் வாழும் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ விசாரித்துப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. அந்தப் பதிலைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. பதில் சொல்வது அமைச்சர் நமக்குக் காட்டும் தயவு இல்லை. அரசியல் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி அமைச்சர்கள் தனித்தனியாகவும் கூட்டாகவும் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர்கள். தங்கள் துறை பற்றி முழுமையாகவும் தவறாமலும் அறிக்கை தர வேண்டும். கேட்க வேண்டிய மன்றம் கேட்காமல் விட்டாலும் குற்றம்தான். 2016 மார்ச் 31 அன்று, அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவின் சொந்த வீட்டுக்கு அரசுப் பணம் செலவானது பற்றிய என்கான்ட்லா வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம், அதிபர் மட்டுமல்ல, நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய மன்றமும் தன் கடமையில் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த உரிமை நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்து இறங்கியவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் வேலை இருந்தது, கேள்வி கேட்க இடம் இல்லை. 1896-இல் அந்த நேட்டால் குடியேற்ற நாட்டின் சட்டம் ஒன்று இந்தியர்களின் வாக்குரிமைக்கு வழியடைத்தது. 1984-இல் வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று என்று மூன்று அவை நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்து இந்தியர்களான நமக்கென ஓர் அவையை ஒதுக்கினார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு இடமில்லாத சபையில் நமக்கு மட்டும் எதற்கு நாற்காலி என்று அன்று வீட்டிலிருந்தவர்களை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1994-க்குப் பிறகுதான் எல்லோருக்கும் பொதுவான ஒரே மன்றம் வந்தது.

சரி, அங்கே கேள்வி எப்படி நடக்கிறது? அதிபர் காலாண்டுக்கு ஒரு முறையாவது வந்து ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். அமைச்சர்கள் துறை வாரியாகக் குழுக்களாக வருகிறார்கள். ஒரே பிற்பகலில் மின்சாரம், போலீஸ், மருத்துவமனை, முதியோர் உதவித்தொகை, வேலையில்லாப் பிள்ளைகள் என்று எல்லாமே வந்துவிடும். ஒவ்வொரு பதிலுக்கும் சில நிமிடங்கள்தான். அதனால் வாய்மொழிப் பதில் பெரும்பாலும் மேலோட்டமாகவே போய்விடுகிறது.

எழுத்து மூலம் கேட்கும் கேள்விகள் வேறு. அவற்றுக்குப் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது மன்றத்தின் விதி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பதில் ஆவணமாகிவிடுகிறது, பிறகு மறுக்க முடியாது. நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற அமைப்பு 1995 முதல் மன்ற நடவடிக்கைகளைப் பதிவு செய்து வருகிறது. இந்தப் பதில்களும் அதன் இணையதளத்தில் கிடைக்கும். டிவியில் வரும் சண்டையைவிட அந்தப் பக்கங்களுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வயதான ஓர் அக்கா டேங்கர் வரும் சத்தம் கேட்டதும் இருபது லிட்டர் வாளியோடு ஓடுவார். நிரப்பியபின் தூக்க முடியாமல் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு படியேறுவார். அந்தப் பாதி வாளியில்தான் சாமி விளக்கு கழுவுவதும், சோறு பொங்குவதும், பேரனைக் குளிப்பாட்டுவதும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்போது தண்ணீர் வரும்?"

இந்தக் கேள்வியை அப்படியே மன்றத்தில் கேட்டால், "குடிநீர் விநியோகம் நகராட்சியின் பொறுப்பு" என்று அமைச்சர் சொல்லிவிடலாம். சட்டப்படி அது சரியும்கூட, அரசியல் சட்டத்தின் நான்காம் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மொத்தமாகத் தண்ணீர் விற்கும் தண்ணீர் வாரியங்கள் தேசிய அமைச்சருக்குக் கீழ் வருகின்றன. நகராட்சிகளின் குடிநீர்த் தரத்தை அளந்து புளூ டிராப் அறிக்கை வெளியிடுவதும் அவருடைய துறைதான். 2023 டிசம்பரில் ஒன்று வந்தது. ஆகவே கேள்வியை அமைச்சரின் பொறுப்புக்குள் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊர் நிலையத்துக்கு அந்த அறிக்கையில் என்ன மதிப்பெண்? குறை கண்டபின் நகராட்சிக்கு என்ன எழுதினீர்கள், எந்தத் தேதியில்? வெள்ளச் சீரமைப்புக்கு மத்திய அரசு எவ்வளவு கொடுத்தது, அதில் எவ்வளவு செலவானது? இப்படிக் கேட்டால் நழுவ வழியில்லை.

பதில் வந்ததும் கையில் பென்சில் எடுத்துக்கொண்டு படியுங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று இருந்தால் யார் எடுக்கிறார்கள், எதற்குள் முடிப்பார்கள் என்று தேடுங்கள். தேதியும் தொகையும் பொறுப்பாளரும் இல்லாத வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். அடுத்த கேள்வி அந்தக் கோட்டிலிருந்துதான் பிறக்கும். நல்ல பதிலும் வரும், அதையும் சொல்ல வேண்டும். துறை அதிகாரிகள் உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்கெடுத்து அட்டவணை இணைத்து அனுப்பிய பதில்களை நான் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போட்டால் தப்பில்லை.

கேள்வியை நாமே நேரடியாகப் போட முடியாது, ஓர் உறுப்பினர் வழியாகத்தான் போக வேண்டும். கட்சிகளின் தொகுதி அலுவலகங்கள் நம் பகுதிகளிலேயே இருக்கின்றன. நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சியா என்று பார்க்காதீர்கள், கேட்கத் தயாராக இருப்பவரிடம் போங்கள். கோயில் கமிட்டி, தமிழ்ச் சங்கம், முதியோர் மன்றம் என்று நாலு பேர் கையெழுத்தோடு போனால் இன்னும் நல்லது. மனு கொடுக்கும் உரிமையை 17-ஆம் பிரிவு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால், ஆங்கிலத்தில் வந்த பதிலை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். தண்ணீருக்கு அதிகம் நடந்தவர்கள் அவர்கள்தான்.

உங்கள் தெருவில் இப்போது என்ன குறை இருக்கிறதோ அதை ஒரே கேள்வியாக எழுதி இந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். எந்தத் துறையைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அடுத்த முறை வரும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.