ரெண்டு ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிற ஒரே ஆள்

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று எங்கள் ஏரியா டென்னிஸ் பால் மேட்சில் ஆள் இல்லையென்று என்னை அம்பயராக நிறுத்திவிட்டார்கள். கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட். நான் நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை, பவுலரின் முதுகு ஸ்டம்பை மறைத்துவிட்டது. குத்துமதிப்பாக விரலைத் தூக்கினேன். அப்புறம் அரை மணி நேரம் ஒரே கத்தல், நானும் விடவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது நினைவுக்கு வந்தவர் கேல் ஹப்பர்ட். அமெரிக்காவில் மிசௌரிக்காரர், 1900இல் பிறந்தவர். 110 கிலோவுக்கு மேல் எடை. அமெரிக்கன் ஃபுட்பாலில் எதிரணியை முட்டித் தள்ளுகிற முன்வரிசை ஆள். 1927இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியோடு பட்டம் வாங்கினார். ஆனால் பெரிய நகரம் ஒத்துவரவில்லை, கிரீன் பே என்ற சின்ன ஊர் அணிக்குப் போனார். அங்கே 1929, 1930, 1931 என்று வரிசையாக மூன்று பட்டம்.

கோடையில்? சின்ன லீக்குகளில் பேஸ்பால் அம்பயர்! 1936இல் பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கே கூப்பிட்டுக்கொண்டது. அந்த சீசன் முடிந்த கையோடு மறுபடி ஃபுட்பால் ஜெர்சி. 1941, 42இல் தான் படித்த ஜெனீவா கல்லூரிக்கு ஃபுட்பால் கோச் வேறு.

1944இல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) நெல்ஸ் பாட்டர் விரலை எச்சில் பண்ணுவதைப் பார்த்து ஹப்பர்ட் எச்சரித்தார். பாட்டர் கேட்கவில்லை. 'கிளம்பு' என்று வெளியே அனுப்பிவிட்டார், பத்து நாள் தடையும் விழுந்தது. எச்சில் பட்ட பந்து விரலில் வழுக்கி, சுழலாமல் வந்து பேட்டர் பக்கத்தில் சட்டென்று இறங்கும். பேஸ்பாலில் 1920லேயே அதற்குத் தடை. நம் கிரிக்கெட்டுக்கு அந்தப் புத்தி வர கொரோனா வர வேண்டியிருந்தது, சரி விடுங்கள்.

1951இல் ஹப்பர்ட் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கிச் சிதறல் ஒன்று வலது கண்ணில் பட்டது. அதோடு அம்பயர் வேலை போச்சு. அதற்காக ஒதுங்கவில்லை. லீக்கின் அம்பயர்களுக்கு மேற்பார்வையாளர் ஆகி, ஆட்டம் நகர நகர யார் எங்கே நின்றால் பார்வை மறைக்காது என்று ஒழுங்குபடுத்தினார். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் 1963இல் முதல் பட்டியலிலேயே இடம், பேஸ்பாலில் 1976இல். இன்றுவரை இரண்டிலும் இருப்பவர் இவர் ஒருவர்தான்.

நான் அவுட் கொடுத்த அந்தப் பையன் காலையில் மெசேஜ் போட்டிருக்கிறான்: "அண்ணே, நிஜமா நான் அவுட்டா?" இன்னும் பதில் போடவில்லை.