தோற்ற இரவில் ஓர் ஓட்டல் அறை

நேயர்களுக்கு வணக்கம்.

2012 நவம்பர் 6. பாஸ்டன் நகரில் ஓர் ஓட்டல் அறை. அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரான மிட் ராம்னி, மனைவி ஆன், பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். முடிவைத் தீர்மானிக்கக்கூடிய ஒஹையோ மாநிலத்தில் பின்னடைவு. இனி கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றுமில்லை. அப்போது அவர் கேட்கிறார்: தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரையில் என்ன சொல்வார்கள்? அப்புறம் இன்னொரு கேள்வி: அதிபரின் தொலைபேசி எண் யாரிடமாவது இருக்கிறதா?

ஜெயித்த அதிபர் ஒபாமாவை வாழ்த்துச் சொல்லக் கூப்பிட வேண்டுமே, அதற்குத்தான். அன்றைக்கு விமானத்தில் செய்தியாளர்களிடம், வெற்றி உரை தயார், 1,118 சொற்கள் என்று சொல்லியிருந்தார். தோல்விக்கென்று எதையும் எழுதி வைக்கவில்லை.

கிரெக் வைட்லி எடுத்த ‘மிட்’ என்ற ஆவணப்படம் இந்த இரவில்தான் தொடங்குகிறது. 2014 ஜனவரியில் வெளிவந்தது. 2006 கிறிஸ்துமஸ் சமயத்தில், போட்டியிடலாமா வேண்டாமா என்று குடும்பம் கூடிப் பேசிய நாளிலிருந்தே வைட்லி கேமராவோடு கூட இருந்திருக்கிறார். மேடையில் விறைப்பாகத் தெரிந்த ராம்னி இதில் வேறு ஆள். ஒரு விருந்துக்குக் கிளம்பும்போது கோட்டின் கை கசங்கியிருக்கிறது. கழற்றாமல், போட்டபடியே இஸ்திரி போடுகிறார்! விவாத மேடையில் தாளின் தலைப்பில் ‘அப்பா’ என்று எழுதிக்கொள்வாராம். அப்பா ஜார்ஜ் ராம்னி மிச்சிகன் ஆளுநராக இருந்தவர். 1968 தேர்தலில் அதிபர் வேட்பாளராக முயன்று பாதியில் விலகியவர்.

என்னை உலுக்கியது வேறொரு காட்சி. 2008 தேர்தலுக்கு, கட்சி வேட்பாளராவதற்கே சக கட்சிக்காரர் ஜான் மெக்கெய்னோடு மோதித் தோற்ற அந்த முதல் முயற்சியின்போது ராம்னி சொல்கிறார்: கடைசிவரை வந்து தோற்பவனுக்கு ஆயுள் முழுக்கத் தோற்றவன் என்ற பெயர்தான் மிஞ்சும். 1988 அதிபர் தேர்தலில் தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸுக்குப் புல் வெட்டும் வேலைகூடக் கிடைக்காது என்கிறார். இது தெரிந்தும் மறுபடி இறங்கினார். மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்குகளில் 332-க்கு 206 என்று ஒபாமாவிடம் தோற்றார். தெரிந்தே இறங்கியதால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை.

படத்தில் குறையும் உண்டு. மக்களில் 47 சதவீதம் பேர் அரசாங்கத்தையே நம்பி இருப்பவர்கள் என்ற தொனியில் நன்கொடையாளர்களிடம் அவர் பேசியது ரகசியமாகப் பதிவாகி வெளியே வந்தது. அவரைப் பலமாகத் தாக்கிய விவகாரம் அது. படம் அதை ஏறக்குறையத் தொடவே இல்லை. தொட்டிருக்க வேண்டும். வீட்டில் நல்ல அப்பாவாக இருப்பவர் அந்தக் கூட்டத்தில் எப்படி அப்படிப் பேசினார் என்று பார்க்கவும் எனக்கு ஆசை.

ஆயுள் முழுக்கத் தோற்றவன் என்று அவர் சொன்னாரே, அது அவர் விஷயத்தில் பலிக்கவில்லை. 2018-இல் யூட்டா மாநிலத்திலிருந்து செனட்டரானார். 2020-இல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில், சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராகவே வாக்களித்தார். ஆனால் படம் அவ்வளவு தூரம் போவதில்லை. தோல்விக்குப் பிறகு பாதுகாப்பு வண்டி அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மனைவியும் கணவரும் உள்ளே வருகிறார்கள். ராம்னி ஜன்னலோரம் உட்காருகிறார். பேச்சே இல்லை.