எஞ்சினில் பிறந்த பெயர்: பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

விமானம் உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. காற்று மெலிந்தால் எரிபொருள் சரிவர எரியாது. எஞ்சினின் வலு குறைந்துகொண்டே போகும். முதல் உலகப் போர்க் காலத்து விமானிகளை வாட்டிய இந்தச் சிக்கலுக்கு, 1917-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்த ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் என்னும் பொறியாளர் ஒரு வழி கண்டார். அவர் வடிவமைத்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் எரிபொருள் கலவைக்குக் கொடுக்கப்பட்ட அழுத்தம் வழக்கத்தைவிட மிகுதி. தரையில் இருக்கும்போது அதை முழுமையாக முடுக்கக் கூடாது. முடுக்கினால் எஞ்சின் தாங்காது. மெல்லிய காற்றுள்ள உயரத்தை எட்டிய பிறகு, அதற்கென்றே அமைக்கப்பட்ட கார்புரேட்டரை முழுவதும் திறந்துவிட்டால், மற்ற விமானங்கள் திணறும் இடத்தில் இந்த எஞ்சின் தன் முழு வலுவையும் காட்டும். இதன் வழித்தோன்றலான மற்றோர் எஞ்சினைப் பொருத்திய விமானத்தில்தான் ஃபிரான்ஸ் ஸேனோ டீமர் 1919-இல் 9,760 மீட்டர் உயரத்தை எட்டினார்.

1917-ஆம் ஆண்டில்தான் அத்தொழிற்சாலை பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்னும் பொருள்படும் பெயரை ஏற்றது. அப்பெயரின் சுருக்கமே பி.எம்.டபிள்யூ. காருக்குப் பெயர் பெற்ற இந்த நிறுவனம் தன் முதல் பத்தாண்டுகளில் ஒரு கார்கூடச் செய்யவில்லை என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அதன் நற்பெயரின் வேர் எஞ்சினில் இருக்கிறது. அந்த வேரை விட்டு விலகியபோதெல்லாம் அது தடுமாறியது, அதைப் பற்றிக்கொண்டபோது நிமிர்ந்தது. இதுவே என் கருத்து. இந்த உரையில் அதைத்தான் விளக்க முற்படுகிறேன்.

போரில் தோற்ற ஜெர்மனி விமான எஞ்சின் செய்யக் கூடாது என்று வெர்சாய் உடன்படிக்கை தடை விதித்தது. பிழைப்புக்காக இந்நிறுவனம் ரயில் வண்டிகளுக்கு பிரேக் செய்து கொடுத்தது. 1922-இல் எஞ்சின் தொழிலும் பெயரும் கைமாறி, 1916-இல் தொடங்கப்பட்டிருந்த ஒரு விமானத் தொழிற்சாலையோடு இணைந்தன. அதனால்தான் நிறுவனம் தன் பிறந்தநாளை 1916 மார்ச் 7 என்று கணக்கிடுகிறது. 1923-இல் ஃப்ரிட்ஸ் ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். ஆர் 32 எனப்பட்ட அந்த வண்டியில் இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் கைகளை நீட்டியதுபோல் படுத்திருந்தன. ஓடும்போது எதிர்க்காற்று நேராக அவற்றின்மேல் பட்டுக் குளிர்வித்தது. பின்சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதிலாக ஒரு சுழல்தண்டு இருந்தது. நூறு ஆண்டு கடந்தும் இதே அமைப்பில் அந்த நிறுவனம் மோட்டார் சைக்கிள்களைச் செய்துவருகிறது.

கார் வந்தது 1928-இல். ஐசனாக் நகரில் இருந்த ஒரு கார் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியபோது, அங்கே இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே பி.எம்.டபிள்யூ பெயரில் வெளிவந்த முதல் காரின் வடிவம் ஆங்கிலேயருடையது. முகப்பில் இன்றும் காணப்படும் சிறுநீரக வடிவச் சட்டம் 1933-இல் வந்த 303 என்னும் காரில் தொடங்கியது. 1936-இல் வந்த 328 என்னும் இருவர் அமரும் கார்தான் பந்தயக்களத்தில் நிறுவனத்தின் பெயரை நிலைநாட்டியது. அதன் காற்றைக் கிழிக்கும் உடலமைப்புக் கொண்ட வடிவம் 1940-இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் முதலிடம் பெற்றது.

அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய கொடுமையும் உண்டு. ஹிட்லரின் ஆட்சியில் நிறுவனம் மீண்டும் விமான எஞ்சினுக்குத் திரும்பியது. போர்க்காலத்தில் அதுவே அதன் முதன்மைத் தொழிலாயிற்று. மியூனிக் நகரின் ஓரத்தில் உள்ள ஆலாக் தொழிற்சாலையில், ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானங்களுக்கான எஞ்சின்களைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள்: பிடிபட்ட நாடுகளின் குடிமக்கள், போர்க் கைதிகள், டாகாவ் வதைமுகாமின் கைதிகள். 1943-இல் ஆலாக்கிலேயே டாகாவ் முகாமின் கிளை ஒன்று அமைக்கப்பட்டது. அம்முகாமின் மிகப் பெரிய கிளைகளில் அதுவும் ஒன்று. பசியிலும் நோயிலும் அடியிலும் அங்கே மனிதர்கள் மாண்டார்கள். எஞ்சின் செய்யும் அதே தொழில்திறன்தான் இங்கும் இயங்கியது. திறமை தனக்குத்தானே நன்மை தீமை அறியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இந்த நிறுவனத்தின் வரலாற்றில் வேறில்லை. 2016-இல் நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோது நிறுவனம் இதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. அதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

போருக்குப் பின் ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. மியூனிக் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றப்பட்டன. எஞ்சின் செய்த கைகள் சமையல் பாத்திரங்கள் செய்தன. 1948-இல் மோட்டார் சைக்கிள் மீண்டும் வந்தது. ஆனால் கார் விஷயத்தில் நிர்வாகம் எடுத்த முடிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இடிபாடுகளிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்த நாட்டில், சாமானிய மக்கள் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், 15,000 மார்க்குக்கு மேல் விலையுள்ள 501 என்னும் கனமான பெரிய காரை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வளைவு வளைவான அதன் உடலைக் கண்ட மக்கள் அதற்குப் பரோக் தேவதை என்று பட்டப்பெயர் இட்டார்கள். அழகுக்குக் குறைவில்லை, அந்த உடலை இழுக்க முதலில் கொடுத்த 65 குதிரைத்திறன் எஞ்சின்தான் போதவில்லை. பின்னர் வந்த 507 என்னும் விளையாட்டுக் கார் அதைவிடப் பேரழகு. ஏறத்தாழ 250 வண்டிகளோடு உற்பத்தி நின்றது. ஜெர்மனியில் ராணுவப் பணியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி அவற்றில் ஒன்றை ஓட்டினார் என்ற புகழ், நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

மறுகோடியில், 1955-இல், இத்தாலியிடமிருந்து உரிமம் பெற்ற இசெட்டா வந்தது. முட்டை வடிவிலான அந்தச் சின்னஞ்சிறு வண்டிக்கு ஒரே கதவுதான். அது வண்டியின் முகமாகவே இருந்தது. கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கும் அதோடு சேர்ந்து வெளியே விலகும். இருவர் உள்ளே நுழைந்து அமர்ந்து முகத்தை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான் அதை ஓட்டியது. விபத்தில் கதவு மாட்டிக்கொண்டால் துணிக்கூரையைத் திறந்து அதன் வழியே வெளியேறலாம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. எனினும் ஒவ்வொரு வண்டியிலும் கிடைத்த ஆதாயம் சிறிது. மிகப் பெரிய காருக்கும் மிகச் சிறிய காருக்கும் இடையே, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய வண்டி ஒன்றுமே இல்லாமல், 1959-இல் நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் மியூனிக்கில் பங்குதாரர் பொதுக்கூட்டம் கூடியது. மேற்பார்வைக் குழுவின் தலைவர் டாய்ச் வங்கியைச் சேர்ந்தவர். அவர் முன்வைத்த மீட்புத் திட்டத்தின் சாரம் எளியது: பழைய பங்குகளின் மதிப்பைக் குறைத்து, புதிய பங்குகளைப் போட்டி நிறுவனமான டைம்லர்-பென்ஸ் தரப்புக்கு அளிப்பது. ஏற்றிருந்தால் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறையாகியிருக்கும். பெரிய வங்கிகளின் கையில் வாக்குகள் குவிந்திருந்தன. முடிவு முன்பே எழுதப்பட்டதுபோல் தோன்றியது.

எதிர்த்து நின்றவர்கள் சிறு பங்குதாரர்கள், கார் விற்கும் முகவர்கள், குர்ட் கோல்டாவின் தலைமையிலான தொழிலாளர் குழு. கூச்சலும் குறுக்கீடுமாகக் கூட்டம் மணிக்கணக்கில் நீண்டது. முகவர்கள் சார்பாகப் பேசிய வழக்கறிஞர் ஃபிரிட்ரிக் மாட்டெர்ன் ஆவேசத்தை நம்பவில்லை, ஆண்டறிக்கையைப் படித்தார். 700 என்னும் புதிய காரை உருவாக்க ஆன செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதவேண்டிய செலவு அது. ஒரே ஆண்டில் ஏற்றியதால் நட்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கணக்கில் குறை காட்டி, மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால் கூட்டத்தை ஒத்திவைத்தே ஆகவேண்டும் என்று பங்குச் சட்டம் சொன்னது. அந்தப் பத்தில் ஒரு பங்கு திரண்டது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, டைம்லர்-பென்ஸ் திட்டம் சரிந்தது.

அந்த 700 காரையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. இத்தாலியரான மிக்கெலாத்தி வரைந்த சிறிய, நேர்த்தியான உடல். பின்புறத்தில் மோட்டார் சைக்கிள் வழிவந்த இரண்டு சிலிண்டர் எஞ்சின். மக்கள் வாங்கக்கூடிய விலை. ஏறத்தாழ 1,88,000 வண்டிகள் விற்று, நிறுவனத்துக்கு மூச்சுவிட நேரம் தந்தது அதுதான்.

கூட்டத்துக்குப் பிறகு தன் பங்குகளைப் பெருக்கி நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தவர் தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட். இளமையிலேயே பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். டைம்லர்-பென்ஸ் நிறுவனத்திலும் பங்கு வைத்திருந்தவர். விற்றுவிடுமாறு பலர் அறிவுறுத்தியபோது, ஆலைக்காரர்களின் திறமையை நம்பித் தன் செல்வத்தைப் பணயம் வைத்தார். அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. அதே குவாண்ட் குடும்பத்தின் பேட்டரி ஆலைகளில் போர்க்காலத்தில் வதைமுகாம் கைதிகள் வதைக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சி இதை விரிவாக ஒளிபரப்பிய பிறகே குடும்பம் நெடுநாள் மௌனத்தைக் கலைத்து வரலாற்று ஆய்வுக்கு இசைந்தது. பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோவாகிம் ஷோல்டிசெக் எழுதி 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வு, ஹெர்பர்ட் குவாண்டும் அதில் பொறுப்புள்ளவர் என்று காட்டியது. மீட்பர் என்று மட்டும் அவரைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ளும் வரலாறு அரைகுறை வரலாறு.

இனி எஞ்சினுக்கு வருவோம். 1961-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்னும் நான்கு கதவுக் கார் காட்டப்பட்டது. புதிய வகுப்பு என்று நிறுவனம் அதை அழைத்தது. அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின், 80 குதிரைத்திறன், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கமைப்பு. குடும்பத்தோடு செல்லலாம், வளைவுகளில் உற்சாகத்தோடும் ஓட்டலாம். பின்சன்னலின் அடிமூலையில் கோடு முன்பக்கமாக மடங்கித் திரும்பும் அழகும் அந்தக் காரோடு பரவியது. வடிவமைப்புத் தலைவர் ஹோஃப்மைஸ்டர் பெயரால் வழங்கும் அந்த மடிப்பை இன்றைய வண்டிகளிலும் காணலாம். 1968-இல் அதே குடும்பத்து இரண்டு லிட்டர் எஞ்சினைச் சிறிய உடலில் வைத்து 2002 என்று பெயரிட்ட காரைச் செய்தார்கள். அமெரிக்காவில் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அது. ஃபால்கன்ஹவுசன் எஞ்சின் எத்தகைய உறுதியுள்ளது என்பதற்கு ஒரு சான்று போதும்: அதன் அடிப்படைக் கட்டமைப்பின்மீது பவுல் ரோஷே உருவாக்கிய டர்போ எஞ்சின்தான் 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வெல்ல உதவியது. குடும்பக் காருக்காக வார்த்த இரும்பு, உலகின் மிகக் கடுமையான பந்தயத்தில் தாங்கியது.

பிறகு வந்த வளர்ச்சி பலரும் அறிந்தது. 1972-இல் 5 என்னும் வரிசைக் கார்கள், 1975-இல் 3 என்னும் வரிசைக் கார்கள். ஒலிம்பிக் பூங்காவின் அருகே நான்கு சிலிண்டர்கள் நிற்பதுபோன்ற தலைமையகம். 1994-இல் பிரிட்டனின் ரோவர் நிறுவனத்தை வாங்கி, ஆறு ஆண்டுகள் பெரும் பணத்தை இழந்து, கடைசியில் பத்து பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறர் பெயரைச் சுமந்து தன் எஞ்சின் மரபைக் கொடுக்க முடியாத முயற்சி அது. 2021-இல் டீசல் புகையைத் தூய்மைப்படுத்தும் நுட்பத்தில் போட்டியாளர்களோடு கூடிப் பேசி முன்னேற்றத்தைத் தடுத்ததாக ஐரோப்பிய ஆணையம் இந்நிறுவனத்துக்கு 37 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. எஞ்சினுக்குப் பெயர் பெற்றவர்கள் எஞ்சின் புகையிலேயே தவறியது, என் மதிப்பீட்டில், ரோவர் இழப்பைவிடப் பெரிய சறுக்கல்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. செங்கல்பட்டு அருகே மகிந்திரா உலக நகரில் 2007 மார்ச் முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் பொருத்தப்படுகின்றன. எனினும் நான் பெரிதாக நினைப்பது ஓசூரை. 2013-இல் டி.வி.எஸ். நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஜி 310 வரிசை மோட்டார் சைக்கிள்கள் அங்கே உருவாகி உலகச் சந்தைகளுக்குச் சென்றன. 313 கன சென்டிமீட்டர் கொண்ட அந்த ஒற்றைச் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும். சிலிண்டரின் தலை திருப்பி வைக்கப்பட்டு, காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் வெளியேறும். இதனால் எடை முன்னோக்கி அமைந்து, வண்டி திரும்பும்போது கைக்கு அடங்கி நிற்கிறது. ஃப்ரிட்ஸ் தன் ஆர் 32-இல் சிலிண்டரை எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று யோசித்த அதே வகைச் சிந்தனை இது. இம்முறை அதைக் கையால் செய்து முடித்தவர்கள் நம் ஓசூர்த் தொழிலாளர்கள்.

மின்சாரக் கார்களின் காலத்தில் நிறுவனம் தன் புதிய வரிசைக்கு மீண்டும் புதிய வகுப்பு என்றே பெயர் சூட்டியிருக்கிறது. அவ்வரிசையின் முதல் காரான ஐஎக்ஸ்3, 2025-இல் மியூனிக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. ஹங்கேரியின் டெப்ரெட்சன் ஆலையில் உருவாகிறது. சிலிண்டரும் கார்புரேட்டரும் இல்லாத வண்டியில் ஒரு நிறுவனத்தின் எஞ்சின் மரபு எங்கே தங்கும் என்ற கேள்விக்கு, அதன் பொறியாளர்கள் மோட்டாரையும் பேட்டரித் தொகுப்பையும் தாங்களே வடிவமைப்பதன் மூலம் விடைகூற முயல்கிறார்கள். 1961-இல் செய்ததுபோல் ஓட்டுபவர் கையில் அந்த வேறுபாடு தெரிந்தால்தான் அந்தப் பெயரை இரண்டாம் முறை சூட்டியது பொருந்தும் என்று நான் கருதுகிறேன்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் செவிமடுத்த நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.