அனாக்கின் எப்போது விழுந்தான்?

நண்பர்களே, வணக்கம். 2005 மே மாதம் வந்த ஜார்ஜ் லூகாஸின் ஸ்டார் வார்ஸ் வரிசைப் படமான ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’தையும், அவருடைய திரைக்கதையை வைத்து மேத்யூ ஸ்டோவர் எழுதி ஒரு மாதம் முன்பே வெளிவந்த நாவலையும் பற்றித்தான் பேசப்போகிறேன். அதன் நாயகன், ஜெடாய் என்ற காவல் வீரர் அமைப்பைச் சேர்ந்த அனாக்கின், எந்த இடத்தில் கெட்டுப்போனான் என்று படம் பார்த்தவர்களைக் கேளுங்கள், மூத்த ஜெடாய் மேஸ் விண்டுவின் கையை வெட்டும் காட்சியைத்தான் சொல்வார்கள். ஆட்சித் தலைவர் பால்பட்டீன்தான் ஜெடாய்களின் பகைவரான சித்களின் தலைவர் என்று தெரிந்து விண்டு அவரைக் கொல்லப்போகிறார். அவரை விசாரணைக்கு நிறுத்துங்கள், கொல்வது ஜெடாய் முறையல்ல என்று நியாயம் பேசுகிறவன், அடுத்த மூச்சில் ‘அவர் எனக்கு வேண்டும்’ என்று கத்திவிடுகிறான். தன் மனைவி பத்மேயைச் சாவிலிருந்து காப்பாற்றும் வித்தை அவரிடம்தான் இருக்கிறது என்று நம்புகிறான், அவ்வளவுதான்.

ஆனால் நாவலைப் படித்தால் அவன் அதற்கு வெகுமுன்பே, எதிரிப் படைத் தலைவனும் பால்பட்டீனின் ரகசியச் சீடனுமான டூக்குவின் கழுத்தை வெட்டும்போதே விழுந்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கைகளையும் இழந்து மண்டியிட்டிருப்பவனைக் கொல்லச் சொல்கிறார் பால்பட்டீன். படத்தில் ஒரு தயக்கம், ஒரு வெட்டு, அப்புறம் ‘செய்திருக்கக் கூடாது’ என்ற வருத்தம், கதை நகர்ந்துவிடுகிறது. ஸ்டோவர் நகர மறுக்கிறார். தன் எஜமான் தன்னை விற்றுவிட்டான் என்று டூக்குவுக்கு உறைப்பதை அவன் மனசுக்குள்ளிருந்தே காட்டிவிட்டு, அனாக்கினின் காதில் அந்தச் சொல் கட்டளையாக விழவில்லை, அனுமதியாக விழுகிறது, வாழ்நாளெல்லாம் அவன் காத்திருந்ததே அதற்காகத்தான் என்கிறார். இதைப் படித்தபின் ‘பால்பட்டீன் ஏமாற்றிவிட்டார், பாவம் பையன்’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஜெடாய்களின் உயர் பட்டமான மாஸ்டர் பட்டம் கிடைக்காத கோபம்கூட நாவலில் வெறும் வீம்பு இல்லை. பட்டம் இருந்தால்தான் ஜெடாய் ஆவணக்காப்பகத்தின் பூட்டிய பகுதிக்குள் போகலாம், பத்மேயைக் காப்பாற்ற வழி தேடலாம்.

ஒரு இடத்தில் படம்தான் ஜெயிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பால்பட்டீனைக் கைது செய்ய விண்டு கிளம்பிப்போனபின் அனாக்கின் தனியாக உட்கார்ந்திருக்க, நகரத்தின் மறுமுனையில் பத்மே நிற்க, வசனமே இல்லாமல் ஜான் வில்லியம்ஸின் இசை மட்டும் ஓடுகிறதே, அந்த ஊசலாட்டத்தை எந்தப் பத்தியாலும் எழுத முடியாது.

முடிவு மறுபடி நாவலுடையது. டார்த் வேடர் என்ற சித் பெயரோடு கவசத்துக்குள் கிடப்பவனை ‘நீ’ என்றே அழைத்து, பயம் என்ற டிராகனும் இல்லை, வேடரும் இல்லை, எல்லாம் செய்தது நீதான், அனாக்கின்தான் என்று ஸ்டோவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். படம் அவனை அந்த இடத்தில் அலறவிட்டு நம்மை இரங்க வைக்கிறது. நான் ஸ்டோவர் பக்கம்.