குளம்படித் தண்ணீரில் ஒரு ஊசித்தட்டான்

நண்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் தெற்கில் நியூ ஃபாரஸ்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. பேரில்தான் காடு, திறந்த புதர்வெளியும் சதுப்பும் அங்கே ஏராளம். மட்டக் குதிரைகளும் மாடுகளும் அதில் இஷ்டத்துக்கு மேய்கின்றன. ஈர மண்ணில் அவை கால் வைத்த இடமெல்லாம் பள்ளமாகி, ஒரு கை தண்ணீர் தேங்கி நிற்கும். இன்று நான் சொல்ல வந்த பூச்சிக்கு அந்தக் குளம்படிகள்தான் உயிர்.

அதன் பெயர் சதர்ன் டாம்செல்ஃப்ளை, கோயனாக்ரியான் மெர்குரியாலே. சுமார் 3 செ.மீ. நீளமுள்ள ஊசித்தட்டான். ஆண் நல்ல நீலம், இடையிடையே கறுப்பு. நீல ஊசித்தட்டான்கள் பல உண்டு, எட்ட நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். வயிறு வளையம் வளையமாக இருக்கும், அதில் இரண்டாம் வளையத்தை உற்றுப் பார்க்க வேண்டும். புதன் கோளுக்குப் போடுகிற குறி மாதிரி ஒரு கறுப்புத் தடம் இருக்கும். பெயரில் 'மெர்குரி' வந்தது அதனால்தான்.

முட்டையிடுவதை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆண் தன் வால் நுனியால் பெண்ணின் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, அவள் மேல் மெழுகுவர்த்தி போல நேராக நிற்கும். பெண் உடம்பை வளைத்து, நீர்ச்செடியின் மெல்லிய தண்டில் துளையிட்டு, ஒவ்வொரு முட்டையாகச் செருகும். சில சமயம் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும். முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிக்கு வால் பக்கம் இலை போல மூன்று செவுள்கள். கீழுதட்டை முகத்தடியில் மடித்து வைத்திருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் அதை நீட்டிக் கவ்விவிடும். பிரிட்டனில் இப்படித் தண்ணீருக்குள் இரண்டு வருஷம். அப்புறம் ஒரு தண்டைப் பிடித்து மேலே ஏறி, முதுகு பிளந்து, சிறகு விரிக்கிறது. சிறகோடு வாழ்வது சில வாரங்கள்தான்.

இரண்டு வருஷமும் அதற்கு என்ன வேண்டும்? ஆழமில்லாத, மெதுவாக ஓடுகிற, வெயில் படுகிற தண்ணீர். இது ஐரோப்பாவின் தென்மேற்கில் செழிக்கிற இனம். பிரிட்டன் அதன் வடக்கு எல்லை. அங்கே வெயில் குறைந்தால் தண்ணீர் குளிர்ந்துபோகும். சரி, பூச்சியைக் காப்பாற்றுவோம் என்று நல்லெண்ணத்தோடு ஓடையைச் சுற்றி வேலி போட்டால் என்ன ஆகும்? புல் உயரும், புதர் மூடும், நிழல் விழும். சில வருஷத்தில் ஓடை இருக்கும், ஊசித்தட்டான் இருக்காது. மேய்கிற வாயும் மிதிக்கிற காலும்தான் அந்த ஓடையைத் திறந்து வைத்திருந்தன. அளவுக்கு மீறி மிதித்தால் கரை குழம்பிப்போகும் என்பதும் உண்மை. அதனால் எத்தனை மாடு, எந்த மாதம் என்று கணக்குப் பார்த்து மேய விடுகிறார்கள். என்னைக் கேட்டால், சட்டத்தைவிட இந்தக் கணக்குதான் முக்கியம். பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைப் பிடிக்கக் கூடாது. நல்லதுதான். ஆனால் இதைப் பிடித்து அழித்தவர்கள் குறைவு. வடிகால் வெட்டியதும், உரம் கலந்ததும், மேய்ச்சல் நின்றதும்தான் இதை விரட்டின. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் இன்று இந்த இனமே இல்லை.

வேறு இடத்துக்குப் பறந்து போகலாமே என்று கேட்பீர்கள். முடியாது. தெற்கு இங்கிலாந்தின் இட்சின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சிறகில் குறியிட்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவை பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து 100 மீட்டர்கூடத் தாண்டவில்லை. நடுவில் ஒரு துண்டு மூடிப்போனால், இந்தப் பக்கத்துப் பூச்சிக்கு அந்தப் பக்கம் வேறு உலகம்.

அதனால்தான் மனிதர்களே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கார்ன்வாலை அடுத்த டெவனில் வென் ஆட்டரி என்ற இடத்தில் இது அற்றுப்போயிருந்தது. அங்கே ஓடைகளைத் திறந்து சீராக்கி, 2009-இல் நியூ ஃபாரஸ்ட்டிலிருந்து சுமார் 500 பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டவை எல்லாம் அந்தக் கோடையிலேயே இறந்திருக்கும். அவை தண்டுகளுக்குள் செருகிவைத்த முட்டைகளின் கதை தெரிய இரண்டு வருஷம் ஆகும். அதுவரை மேலே பார்க்க ஒன்றும் கிடையாது. மாட்டை மேய விட வேண்டும், புதரை வெட்ட வேண்டும், குளம்படியில் தண்ணீர் நிற்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.