மோர் தீர்ந்துரும் தம்பி!

நடுவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வீட்டுக்குள்ள அடிபடுற பெண்ணுக்கு முதல்ல கை கொடுப்பது சட்டமா, சுற்றமா? நான் சுற்றத்தின் பக்கம்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "அடிக்கிற கைதான் அணைக்கும். நீங்க ராத்திரி போய்க் கதவைத் தட்டுனா, காலையில புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து உங்களைத்தான் திட்டுவாங்க!" நீங்களும் கை தட்டினீங்க.

எங்க தெருவுல ஒரு அத்தை. பக்கத்து வீட்டுல பாத்திரம் உருளுற சத்தம். அத்தை டம்ளரோட போய்க் கதவைத் தட்டுச்சு. "ஏம்மா, கொஞ்சம் உறைமோர் இருக்கா?" மணி எத்தனை? பதினொன்று! ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்குய்யா உறைமோர்? அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனா ஓங்கின கை இறங்கிருச்சு. அடுத்த வாரம் சத்தம், மறுபடி டம்ளர். மூணாவது தடவை அவன் கேட்டான்: "உங்க வீட்டுல மோரே இருக்காதா?" அத்தை சொல்லுச்சு: "உங்க வீட்டுல சத்தம் கேட்டா, எங்க வீட்டுல மோர் தீர்ந்துரும் தம்பி!"

நண்பரே, நீங்க சொன்னதும் நடந்துச்சு. "எங்க குடும்பத்துல தலையிடாதீங்க"ன்னு அந்தப் பொண்ணே திட்டுச்சு. ஏன்? கதவுக்குப் பின்னால அவன் நிக்கிறான்! அணைக்கிற கையை அவளும் நம்பினவதான். அடிச்ச மறுநாளெல்லாம் மல்லிகைப்பூ வாங்கிட்டு வருவான். பூ வாடும், திரும்ப அடி விழும்.

அத்தை கோவிச்சுக்கலை. "உடனே கிளம்பு"ன்னும் சொல்லலை. விட்டுட்டுப் போற நேரந்தான் ஆபத்து கூடுற நேரம். ஆதார், பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், ஒவ்வொண்ணா அத்தை வீட்டு அரிசி டிரம்முக்கு வந்துச்சு. கொடியில சிவப்புத் துண்டு காய்ஞ்சா, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடணும், இது ரெண்டு பேருக்குள்ள பேச்சு.

சட்டம் வேணும் ஐயா. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லால குத்துறதையும் சம்பளத்தைப் பிடுங்குறதையும் வன்முறைன்னு சொல்லுது. வீடு அவன் பேர்ல இருந்தாலும் அவ அங்க குடியிருக்கலாம்னு சொல்லுது. அதே சட்டத்துல, இதுக்குன்னே அரசு நியமிக்கிற பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேணும்னாலும் தகவல் கொடுக்கலாம்; நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல வழக்கு வராது. சட்டமே பக்கத்து வீட்டைத்தானே கூப்பிடுது!

ஒரு நாள் துண்டு காய்ஞ்சுது. அத்தை போன் போட்டுச்சு.

போன தை மாசம் அத்தை தவறிப்போச்சு. அந்தப் பொண்ணு பிள்ளையோட பஸ் பிடிச்சு வந்து, கால்மாட்டுல விழுந்து அழுதுச்சு. சொந்தக்காரங்க கேட்டாங்க: "நீ என்னம்மா முறை வேணும்?"

"பக்கத்து வீடு"ன்னுச்சு.

வணக்கம்.