ஒரே பகடை, ஒரே பலகை, ஆனால் விடை இரண்டு! பேக்கேமனில் ஸ்கோர் செய்யும் வேலை

பலகையில் 24 கட்டங்கள், உங்கள் காய்கள் 24இல் இருந்து 1ஐ நோக்கி இறங்கும், எல்லாவற்றையும் முதலில் பலகையைவிட்டு வெளியே எடுப்பவருக்கே ஜெயம். ஆட்டத்தின் முதல் உருட்டல், 2-1 விழுகிறது. 2க்கு, 13இல் இருந்து ஒரு காயை 11க்கு இறக்கிவிட்டீர்கள். மிச்சம் 1. துணிந்து 6இல் இருந்து 5க்கு, துணையில்லாமல் வெட்டுப்படக்கூடிய ஒற்றைக்காயை வைப்பீர்களா, இல்லை பின்னால் 24இல் நிற்கும் காயை 23க்கு நகர்த்துவீர்களா? வீடியோவை நிறுத்திவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள்.

எழுதியாச்சா? சரி, ஸ்கோர் என்னவென்று யாராவது கேட்டீர்களா?

சாதாரண வெற்றிக்கு 1 புள்ளி. எதிராளி ஒரு காயைக்கூட வெளியே எடுக்காமல் தோற்றால் அது கேமன், 2 புள்ளி. டபுளிங் க்யூப், அதாவது ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டை, இதைப் பெருக்கும். பின்னணி இவ்வளவு போதும்.

7 புள்ளி மேட்ச், முதலில் 7ஐ எட்டுபவருக்கு வெற்றி. எதிராளி இப்போதுதான் 6ஐத் தொட்டிருக்கிறார், நீங்கள் 5. இது க்ராஃபோர்ட் ஆட்டம், அதாவது ஒருவருக்கு ஒரு புள்ளி மட்டும் மிச்சம் என்று ஆனதும் வரும் ஒரே ஒரு ஆட்டம், இதில் க்யூபைத் தொட முடியாது. தோற்றால் மேட்ச் போச்சு. சாதாரணமாக ஜெயித்தால் 6-6, சமபலம் என்றால் வாய்ப்பு 50 சதவீதம். கேமன் அடித்தால் மேட்சே உங்களுக்கு. 0, 50, 100: இரண்டு படிக்கும் ஒரே உயரம்! மேட்ச் இல்லாமல் ஆடும்போது -1, +1, +2 என்று இரண்டாவது படி பாதிதான், அதனால் இங்கே கேமனின் மதிப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. எனக்கு இந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்த கணக்கு இது.

ஆகவே 5இல் வையுங்கள். 36இல் 15 உருட்டல்கள் அதை வெட்டும், வெட்டினால் காய் தொடக்கத்துக்கே திரும்பி 20 பிப் (கட்டத் தூரம்) நஷ்டம், ஆனால் தப்பிவிட்டால் அந்தக் கட்டத்தை மூடி எதிராளியை உள்ளே அடைக்கலாம். அதுவே 6-6 என்றால் கேமனுக்குச் செல்லாக்காசு மதிப்புகூடக் கிடையாது, 23க்கே நகர்த்துங்கள்.

ஆட்டத்தின் முடிவிலும் இதே கதை. எதிராளி காய்களை வெளியே எடுக்கிறார், உங்கள் இரண்டு காய்கள் அவர் வீட்டுக்குள், அதாவது அவருடைய கடைசி ஆறு கட்டங்களுக்குள் நிற்கின்றன. 6-6 என்றால் அவர் ஒற்றைக்காய் விடும்வரை அசையாமல் காத்திருங்கள், கேமன் ஆனாலும் இழப்பு அதேதான். க்ராஃபோர்ட் ஆட்டத்தில் 6-5 என்று முன்னிலையில் இருப்பவர் நீங்கள் என்றால், கேமன் ஆபத்து தெரிந்ததும் கிளம்பி ஓடிவரத்தான் வேண்டும், ஏனென்றால் சாதாரணமாகத் தோற்றால் இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம்.

அப்புறம் ஒன்று. க்ராஃபோர்ட் முடிந்தபிறகு வரும் 5-6இல் பின்தங்கியவர் உடனே க்யூபைத் திருப்பிவிடுவார். வெற்றிக்கே 2 புள்ளி வந்துவிடும், கேமன் எதற்கு? இப்போது அதே 2-1ஐ அந்த ஸ்கோரில் எப்படி ஆடுவீர்கள், காரணத்தோடு கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.